மியூனிக்கில் காண்டின்ஸ்கி ஓவியங்கள்: திருப்பூர்க்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் பிடித்து, சாம்பிள் காட்டி, சரக்கு போய்ச் சேரும் வரை கவனிக்கிறவன். துணிக் கண்காட்சிக்காக வருடத்துக்கு ஒரு தடவையாவது ஜெர்மனி போகிற வேலை. போன தடவை வேலை முடிந்து ஒரு நாள் மிச்சமானது. கூட வந்தவர்கள் கார் மியூசியம் பார்க்கக் கிளம்பினார்கள், நான் ஓவியம் பார்க்கப் போனேன். ஊர் திரும்பியதில் இருந்து கம்பெனியிலும் கல்யாணப் பந்தியிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதி கிண்டலாகக் கேட்டவை. இருந்தாலும் அடுத்து மியூனிக் போகிறவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யாருங்க இந்தக் காண்டின்ஸ்கி?

வசீலி காண்டின்ஸ்கி, 1866-ல் மாஸ்கோவில் பிறந்த ரஷ்யர். சட்டமும் பொருளாதாரமும் படித்தவர். முப்பது வயதில் பேராசிரியர் வேலை தேடி வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1896-ல் ஓவியம் கற்றுக்கொள்ள மியூனிக் வந்தார். நம்மூராக இருந்தால் சொந்தபந்தம் கூடி உட்கார்ந்து பேசி, கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துவிட்டிருப்பார்கள்.

மரம், மனிதர், மாடு என்று எதையும் காட்டாமல் நிறமும் கோடும் வடிவமும் மட்டுமே நிற்கிற ஓவியத்தைத்தான் அரூப ஓவியம், அப்ஸ்ட்ராக்ட் என்கிறார்கள். அதற்குப் பாதை போட்டவர்களில் முன்வரிசைக்காரர் இவர். அந்த மாற்றம் பெரும்பாலும் 1908-க்கும் 1914-க்கும் நடுவில், மியூனிக்கிலும் பக்கத்தில் இருக்கும் முர்னாவ் என்ற சிற்றூரிலும் நடந்தது. 1914-ல் போர் மூண்டதும் ரஷ்யக் குடிமகன் என்பதால் ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1921 கடைசியில் திரும்பி வந்து, 1922-ல் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். நாஜிகள் வந்த 1933-ல் அந்தப் பள்ளியும் மூடிவிட்டது. பாரிசுக்குப் பக்கத்தில் குடியேறி 1944-ல் அங்கேயே இறந்தார்.

எந்த மியூசியம்? எப்படிப் போவது?

லென்பாக்ஹவுஸ். ஃபிரான்ஸ் ஃபொன் லென்பாக் என்ற பணக்கார ஓவியர் 1890 வாக்கில் தனக்குக் கட்டிக்கொண்ட மாளிகை, இப்போது நகரத்தின் மியூசியம். கோவையில் இருந்து மியூனிக்குக்கு நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போகவேண்டும். மியூனிக் சென்ட்ரல் ஸ்டேஷன் போய்விட்டால் அப்புறம் கவலை இல்லை. யூ-2 மெட்ரோவில் ஒரே ஸ்டாப், கோனிக்ஸ்பிளாட்ஸ். நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள்தான். மஞ்சள் சுவரும், பக்கத்தில் பித்தளைக் குழாய்களை அடுக்கி வைத்தது போல மின்னுகிற புதுக் கட்டிடமும் தெரிந்தால் அதுதான். கட்டிடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் புதுப்பித்து 2013-ல் மறுபடி திறந்தார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. இதைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் ஞாயிறு ராத்திரி மியூனிக் போய் இறங்கி, திங்கள் சும்மா இருந்து, செவ்வாய் கண்காட்சிக்குப் போவார்கள். சரியாக அந்த ஒரு நாள்தான் இங்கே பூட்டு.

எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லா அறைகளையும் கால் வலிக்கச் சுற்ற மூன்று மணி நேரம். நான் சொல்வது வேறு கணக்கு. ஒன்றரை மணி நேரம், மூன்று படம், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனால் எல்லாச் சந்நிதியிலும் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு இடத்தில் உட்கார்ந்துதானே எழுந்திருப்போம்? அது போல ஒரு படத்தின் முன்னால் உட்காருங்கள். அறை நடுவில் பெஞ்ச் இருக்கும்.

மாட்டுப் படம் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, நிஜமா?

நிஜம். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வதே அந்தப் படத்தைத்தான். பெயரே 'மாடு'. 1910-ல் வரைந்தது. மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற எண்ணெய் ஓவியம்.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். கட்டுத்தரையில் மாட்டைப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் 'மாடு' என்று பெயர்ப்பலகை பார்த்ததும் ஒரு நமட்டுச் சிரிப்போடுதான் கிட்டப் போனேன். வெள்ளை மாடு. உடம்பெல்லாம் பெரிய பெரிய மஞ்சள் திட்டு. ஒரு பெண் உட்கார்ந்து பால் கறக்கிறாள். பின்னால் குன்று, வெள்ளைச் சுவர், கோபுரங்கள். இவ்வளவும் முதல் பார்வையில் கிடைத்துவிடும்.

ஐந்து நிமிடம் நின்றால்தான் சிக்கல் ஆரம்பமாகும். மாட்டின் வெள்ளை எங்கே முடிகிறது, பின்னால் இருக்கிற வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. திட்டுகள் மாட்டின் மேல் இருக்கிற திட்டா, நிலத்தின் மேல் விழுந்த வெயிலா? கண் ஒரு தடவை 'மாடு' என்கிறது, அடுத்த தடவை 'வெள்ளையும் மஞ்சளும்' என்கிறது. மாடு நிலத்துக்குள் கரைந்துகொண்டிருக்கிறது, இன்னும் முழுசாகக் கரையவில்லை. கேன்வாசின் நடுவில் ஒரு பொருள் நிறமாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் மனிதர்.

மாட்டு நிறம் நிலையானது இல்லை என்பது நமக்குப் புதிதா என்ன? காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான், அதாவது செந்நிறமாகத்தான் பிறக்கிறது. ஆறு மாதம் போனால் நிறம் மாறி, சாம்பல் வெளுப்பான மயிலையாகிறது. காளைக்குத் திமிலும் முன்பக்கமும் கறுத்து வரும், காயடித்தால் அதுவும் வெளுக்கும். கண்ணபுரம் சந்தையில் மாட்டைப் பேரமாடுகிற பெரியவர்கள் மயிலை, செவலை, காரி என்று நிறத்தின் பெயரையேதான் மாட்டின் பெயராகச் சொல்வார்கள். 'அந்த மயிலை எவ்வளவுக்குப் போச்சு?' என்று கேட்டால் அங்கே மாடு என்ற சொல்லே இல்லை, நிறம் மட்டும்தான் நிற்கிறது. லென்பாக்ஹவுசில் நின்றபோது இதுதான் ஞாபகம் வந்தது.

மாடு தெரிகிறது என்றால் அது எப்படி அப்ஸ்ட்ராக்ட் ஆகும்?

ஆகாது. அது வழியில் இருக்கிற ஊர். அதனால்தான் முதலில் அங்கே போகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் ஒன்றுமே தெரியாத படத்தின் முன்னால் போய் நின்றால் 'என்னை ஏமாற்றுகிறார்கள்' என்ற எண்ணம்தான் வரும். 1908, 1909-ல் முர்னாவில் வரைந்த தெருவும் மாதாகோயிலும் அந்த மியூசியத்திலேயே இருக்கின்றன. அதில் வீடு வீடாகத்தான் இருக்கும், நிறம் மட்டும் வீட்டுக்குக் கட்டுப்படாது. அப்புறம் மாடு. அப்புறம் 1911 படங்கள். வருட வரிசையில் நடந்தால் மாற்றம் படிப்படியாக விளங்கும்.

காண்டின்ஸ்கியே இரண்டு சம்பவங்களைச் சொல்லியிருக்கிறார். ஒன்று, 1896-ல் மாஸ்கோவில் ஒரு பிரெஞ்சுக் கண்காட்சியில் மோனே வரைந்த வைக்கோல் போர். நம்மூர் சோளத்தட்டுப் போர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வைக்கோல் போர் என்றே இவருக்குத் தெரியவில்லை, கண்காட்சியின் விவரப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். தெரியவில்லையே என்று கூச்சமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் படம் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது மியூனிக்கில். பொழுது மங்குகிற நேரத்தில் வீட்டுக்கு வருகிறார். அறையில் சுவரோரம் ஒரு படம், உள்ளுக்குள் இருந்து ஒளி வருவது போல அவ்வளவு அழகு. என்ன படம் என்றே புரியவில்லை. கிட்டப் போனால் அவருடைய படமேதான், பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே போல வைத்துப் பார்க்கிறார், நேற்று வந்தது பாதிகூட வரவில்லை. சாய்ந்திருந்தாலும் அது இன்னது, இது இன்னது என்று கண் அடையாளம் கண்டுகொள்கிறது. தன் படத்துக்கு இடைஞ்சல் பொருள்கள்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினாராம்.

துணியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேட் ரூமில் வேலை செய்கிறவர்கள் இந்த இரண்டாவது கதையை உடனே நம்புவார்கள். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பது எங்களுக்குச் சம்பள விஷயம்.

அந்த மூன்று படத்தில் மற்ற இரண்டு எவை?

'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)', 'இம்ப்ரொவிசேஷன் 19'. இரண்டும் 1911.

முதலில் கச்சேரி. 1911 ஜனவரித் தொடக்கத்தில் மியூனிக்கில் அர்னால்ட் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் கச்சேரி நடந்தது. பழைய இசை இலக்கணத்தை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். காண்டின்ஸ்கி நண்பர்களோடு போய்க் கேட்டார். உடனே பென்சில் குறிப்பு, அப்புறம் இந்த ஓவியம். அந்த மாதமே ஷோன்பெர்க்குக்குக் கடிதமும் எழுதினார், இருவரும் நண்பர்களானார்கள்.

ஒரு மீட்டர் அகலம்கூட ஏறக்குறையத்தான் இருக்கும், பெரிய படம் இல்லை. ஆனால் அந்த மஞ்சள்! வலப்பக்கம் முழுக்க ஒரே மஞ்சள், அடித்துக்கொண்டு வருகிறது. மேலே ஒரு பெரிய கறுப்பு. அது பியானோ. இடப்பக்கம் கீழே வளைந்து வளைந்து கிடக்கிற கோடும் திட்டும், கச்சேரி கேட்க உட்கார்ந்திருக்கிற கூட்டம். நடுவில் வெள்ளையாக இரண்டு பட்டை, மண்டபத்துத் தூண்கள். இதெல்லாம் பென்சில் குறிப்புகளோடு ஒப்பிட்டவர்கள் சொன்ன விவரம். சொல்லாவிட்டால் பியானோ தெரியாது, கறுப்புதான் தெரியும். நான் முதலில் விவரம் படிக்காமல்தான் நின்றேன். அதுவே நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த மஞ்சளை எங்கள் பாஷையில் சொல்கிறேன். எலுமிச்சை டோன் இல்லை. பச்சைச் சாயல் துளியும் இல்லாத, கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்த, மழையில்லாத வருடத்துச் சாமந்தி நிறம். பக்கத்தில் போனால் ஒரே சீராகவும் இல்லை. பிரஷ் ஓடிய திசை தெரிகிறது, சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கிறது. இப்படி ஒரு துணி சாயப்பட்டறையில் இருந்து வந்தால் 'பேட்ச்சி', சாயம் திட்டுத்திட்டு என்று எழுதி லாரியில் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே அந்த ஏற்ற இறக்கம்தான் மஞ்சளை நகர வைக்கிறது. கறுப்பு அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, மஞ்சள் கூட்டத்தின் மேல் போய்ச் சாய்கிறது. தவில் ஓங்கி அடிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் லேசாகப் பின்னால் சாய்வார்களே, அந்த அசைவு.

'இம்ப்ரொவிசேஷன் 19' இதற்கு நேர் எதிர். நீலம், ஊதா, ஆழம். மனித உருவங்களின் ஓரக்கோடு மட்டும் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை, பின்னால் இருக்கிற நிறம் அப்படியே ஊடுருவி வருகிறது. சாவு வீட்டில் பேச்சு அடங்கின நேரம் போல இருந்தது எனக்கு. கூட நின்ற ஒரு பாட்டி வேறு ஏதாவது நினைத்திருப்பார்.

இம்ப்ரெஷன், இம்ப்ரொவிசேஷன் எல்லாம் என்ன கணக்கு?

அவர் தன் படங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டார். வெளியே பார்த்த, கேட்ட ஒன்றில் இருந்து நேராக வந்தது இம்ப்ரெஷன். உள்ளே இருந்து சட்டென்று கிளம்பியது இம்ப்ரொவிசேஷன். நாள்கணக்கில் ஊறப்போட்டு, திட்டம் போட்டு, திருத்தித் திருத்திக் கட்டியது காம்போசிஷன். காம்போசிஷன் என்று வாழ்நாளில் பத்துதான். அவற்றில் முதல் மூன்றும் இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டன.

நிறத்துக்குச் சத்தம் உண்டு என்று சொன்னாராமே?

ஆமாம். 1911 கடைசியில் வந்த 'கலையில் ஆன்மிகம் பற்றி' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். மஞ்சள் நம்மை நோக்கி வரும், நீலம் நம்மை விட்டு உள்ளே போகும். மஞ்சள் எக்காளம். இளநீலம் புல்லாங்குழல், கருநீலம் செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம், இன்னும் அடர்ந்தால் மாதாகோயில் ஆர்கன்.

எனக்கு மஞ்சளும் நீலமும் பற்றி அவர் சொன்னது சரி என்றே படுகிறது. கடையில் ரேக்கில் அடுக்கி வைத்த டி-ஷர்ட்டுகளைத் தூரத்தில் இருந்து பாருங்கள், மஞ்சள் முன்னால் வந்து நிற்கும், நேவி என்கிற கருநீலம் பின்னால் போய்விடும். எங்களிடம் சரக்கு வாங்குகிற எந்த பையரும் இதற்காகப் புத்தகம் படிக்கவில்லை.

பச்சையில்தான் எனக்கு அவரோடு சண்டை. பச்சை அசையாத நிறமாம், திருப்தியில் படுத்துக்கிடந்து அசைபோடுகிற கொழுத்த மாடு மாதிரியாம், மந்தமான கண்ணோடு உலகத்தைப் பார்க்குமாம். காண்டின்ஸ்கி காங்கேயம் மாட்டைப் பார்த்ததில்லை, அதுதான் விஷயம். நாலு மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல் தழைத்து, கிளுவை வேலியும் துளிர்த்து நிற்கிற கொரங்காட்டை, எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டை, சித்திரை வெயிலுக்குப் பழகிய கண்ணால் பார்த்திருந்தால் பச்சையைச் சோம்பேறி என்று சொல்லியிருக்க மாட்டார். பச்சை எப்போதும் இருக்கிற ஊர்க்காரர் எழுதியது அது. நிறத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே குணம் என்று அவர் நம்பினார், நான் நம்பவில்லை. நொய்யல் ஆற்றில் ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அந்த சீசனுக்கு என்ன கலர் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் அந்த வேடிக்கை ஓடியது. அந்தக் கரையில் வளர்ந்தவனுக்குக் கருநீலம் செல்லோவாகக் கேட்காது.

ரஷ்யர் வரைந்த படங்கள் எப்படி இத்தனை மியூனிக்கில்?

இதற்குப் பதில் ஒரு பெண். கேப்ரியேலே மூன்ட்டர். 1877-ல் பிறந்த ஜெர்மன் ஓவியர். 1902-ல் காண்டின்ஸ்கி நடத்திய பள்ளிக்கு மாணவியாக வந்தவர், அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அவருடைய துணை. முர்னாவில் 1909-ல் வீடு வாங்கியதும் மூன்ட்டர்தான்.

1914-ல் காண்டின்ஸ்கி கிளம்பும்போது படங்களெல்லாம் இங்கேயே தங்கிவிட்டன. கடைசியாக இருவரும் ஸ்டாக்ஹோமில் சந்தித்தார்கள். திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர் 1917-ல் மாஸ்கோவில் நீனா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பின்னால் படங்களைக் கேட்டு ஆள் அனுப்பினார். வழக்கறிஞர்கள் வழியாக வருடக்கணக்கில் இழுபறி. 1926-ல் ஒருவழியாகத் தீர்ந்தது. சிலவற்றை மூன்ட்டர் திருப்பி அனுப்பினார், பெரும்பகுதி அவரிடமே நின்றது.

அதற்குப் பிறகு நாஜிகள். 1937-ல் மியூனிக்கிலேயே 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி வைத்து, நவீன ஓவியங்களைக் கேலிக்கு மாட்டினார்கள். காண்டின்ஸ்கி படங்களும் அதில் இருந்தன. மூன்ட்டர் தன்னிடம் இருந்ததை முர்னாவ் வீட்டு நிலவறையில் ஒளித்து வைத்தார். வீட்டில் சோதனை வந்தும் சிக்கவில்லை. போர் முடிந்து, 1957-ல் தன் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி அத்தனையையும் மியூனிக் நகரத்துக்குக் கொடுத்தார். காண்டின்ஸ்கியின் எண்ணெய் ஓவியங்கள் மட்டும் சுமார் 90, தன் படங்கள், நண்பர்களின் படங்கள், வரைவுகள் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல்.

விட்டுப்போனவனின் சொத்தை நாற்பது வருடம் கட்டிக்காத்து ஊருக்கு எழுதிவைத்தவள். எங்கள் கம்பெனி செக்கிங் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது 'அந்தம்மா எதுக்குங்க காப்பாத்துச்சு, தீ வெச்சிருக்கோணும்' என்றார் ஒருவர். இன்னொருவர், 'அவனுக்காகவா காப்பாத்துச்சு? படம் நல்லாருக்குதுன்னு காப்பாத்திருக்கும்' என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. லென்பாக்ஹவுஸ் போனால் மூன்ட்டர் வரைந்த படங்களையும் நின்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் காண்டின்ஸ்கி அறையைத் தேடிக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போகிறார்கள்.

உலகத்தில் முதல் அரூப ஓவியர் இவர்தானே?

அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண் 1906-லேயே தொடங்கிவிட்டார். தான் இறந்து இருபது வருடம் வரை வெளியே காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால் உலகத்துக்குத் தாமதமாகத் தெரிந்தது. அவர் இறந்ததும் 1944-ல்தான், காண்டின்ஸ்கி இறந்த அதே வருடம். காண்டின்ஸ்கி 1910 என்று தேதி போட்ட பெயர்பெற்ற நீர்வண்ண ஓவியம்கூட 1913 வாக்கில் வரைந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். யார் முதலில் என்ற பஞ்சாயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. 'முன்னோடி' என்றால் போதும்.

என் பையன்கூட இப்படி வரைவானே?

ஒன்றாவது படிக்கிற பையன் கிறுக்குவது அழகாக இருக்கும், மறுக்கவில்லை. அதே கிறுக்கலை இன்னொரு தடவை அவனை வரையச் சொல்லுங்கள். 'காம்போசிஷன் 7' என்ற 3 மீட்டர் அகலப் படம் மாஸ்கோவில் இருக்கிறது. அதற்கு முப்பதுக்கு மேல் முன்வரைவுகள். சில லென்பாக்ஹவுசில் இருக்கின்றன. அத்தனை வரைந்து பார்த்த பிறகு 1913 நவம்பரில் நாலே நாளில் கேன்வாசில் முடித்தார். மூன்ட்டர் நாளுக்கு நாள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். லேப் டிப், அதாவது துண்டுத் துணியில் சாய மாதிரி, முப்பது போட்டுப் பார்த்து, அப்புறம் ஒரே வீச்சில் புரொடக்ஷன் ஓட்டிய கதை.

போனில் பார்த்தால் போதாதா? அவ்வளவு தூரம் எதற்கு?

இதை என்னிடம் கேட்டது ஒரு மெர்ச்சண்டைசர். தெரிந்தேதான் கேட்டிருப்பார்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நேவி ஆர்டர். லேப் டிப் ஜன்னல் வெளிச்சத்தில் பிரமாதம், அவசரத்தில் பல வகை விளக்கு மாற்றி நிறம் பார்க்கிற லைட் பாக்சில் பகல் வெளிச்ச விளக்கை மட்டும் போட்டுப் பார்த்து ஓகே செய்துவிட்டேன். கடை விளக்கான டிஎல்-84-ல் பார்க்கவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததும் அங்கே கடை வெளிச்சத்தில் துணி சிவந்து அடித்தது. காலரும் பாடியும் இரண்டு நிறம். மறுபடி சாயம் போட்டு, தைத்து, எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

போன் திரையில் வருவது மூன்று விளக்குப் புள்ளிகளின் கலவை. கேன்வாசில் இருப்பது எண்ணெயில் குழைத்த நிறமி, தடிப்பு உண்டு, ஓரத்தில் நிழல் விழும். 'கச்சேரி'யின் மஞ்சளைப் போன வருடம் முழுக்கப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். நேரில் பார்த்தபோது அது வேறு ஷேட். அப்ரூவல் கொடுத்தது தப்பு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

போட்டோ எடுக்கலாமா? பை கொண்டு போகலாமா?

ஃபிளாஷ் போடாமல் எடுத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய பையை வெளியே வைக்கவேண்டும். சாம்பிள் பையோடு போய் நிற்காதீர்கள்.

நம்ம வாசல் கோலமும் அப்ஸ்ட்ராக்ட்தானே?

புள்ளிக்கோலத்தில் பொருள் எதுவும் இல்லை, கோடும் இடைவெளியும்தான் என்பது சரி. ஆனால் 'நாங்கள் இதை எப்போதோ செய்துவிட்டோம்' என்று முடிப்பதற்காகத்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கோலம் போடுகிறவர் கோலத்துக்குள் இருக்கிற விதிக்குக் கட்டுப்படுகிறார். காண்டின்ஸ்கிக்கு அப்படி விதி கைக்கு வரவில்லை, ஒவ்வொரு படத்துக்கும் தேடவேண்டியிருந்தது. இரண்டும் இரண்டு வேலை. ஒன்று மட்டும் சொல்லலாம். கோலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'இது என்ன பொருள்?' என்று கேட்காமல் பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மியூசியத்துக்குள் போனதும் அதை வாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு நாள் இருந்தால்?

முர்னாவ் போங்கள். மியூனிக்கில் இருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மூன்ட்டர் வீடு இப்போது மியூசியம். மாடிப்படியில் காண்டின்ஸ்கி தன் கையால் குதிரைகளும் பூக்களும் வரைந்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் எல்லாம் முடியாது. பக்கத்தில் ஏதாவது?

இருக்கிறது, இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். காண்டின்ஸ்கி 'கச்சேரி' வரைந்த அதே 1911-ல் நம் கோயம்புத்தூரில் ஒரு குழந்தை பிறந்தது. கே. சி. எஸ். பணிக்கர். தென்னிந்தியாவில் அரூப ஓவியத்துக்கு வழி திறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். எழுத்து போல இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போல இருக்கும், பலன் சொல்ல முடியாது. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கூடம் இருக்கிறது. கோவையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய் இறங்கலாம். சென்னைப் பக்கம் போகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம்.

கோவைக்குள்ளேயே அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஏர்போர்ட்டுக்குப் போகிற வழி. ஓவியத்தையும் தறியையும் ஒரே வளாகத்தில் பார்க்கிற வாய்ப்பு மியூனிக்கில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் அம்மா என்ன சொன்னார்?

மியூசியம் கடையில் வாங்கிய 'மாடு' தபால் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். 'மாடு நல்லாத்தான் இருக்குது' என்றார். அப்புறம், 'கன்னு எங்கீடா? கன்னு இல்லாம எந்த மாடு பால் விடும்?' என்று கேட்டார்.

அட்டை இப்போது அம்மா வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது. போகும்போதெல்லாம் தேடுகிறேன். சாயங்கால வெளிச்சத்தில் அந்த மஞ்சள் திட்டுகளில் ஒன்று கன்று போலத்தான் தெரிகிறது. அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.